தலையில் ஒரு கட்டி. ஈரலில் அதன் வேர்



வன்னியில் கிளிநொச்சி நகரை அடுத்துள்ள உருத்திரபுரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலை நம்பிப் பிழைக்கும் குடும்பம். வீட்டுத் தலைவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சில மாதங்களாகச் சோற்றில் விருப்பமில்லை. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் ஊதிப்போயிருக்கிறது. ஈரலில் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இந்த விஷயத்தை வீட்டார் வெளியே யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது அவர் தலையில், முன்நெற்றிக்குச் சற்று மேலே, ஒரு கட்டி கிளம்பியிருக்கிறது. முதலில் புளியங்கொட்டை அளவு. இன்று எலுமிச்சம்பழம் அளவு. தொட்டால் மெத்தென்று இருக்கிறது. "எங்கேயோ இடிபட்டிருக்கும், விடு" என்கிறார் அவர். "கொழுப்புக் கட்டிதான், பரிகாரியாரிடம் காட்டிக் கீறிவிட்டால் போய்விடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "தலைவலியும் இருக்கிறதென்றால் ஹிஜாமா செய்து பார்க்கலாமே மைனி" என்று மச்சினி யோசனை சொல்கிறாள்.

அந்த வீட்டின் மனைவி நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அன்போடு செய்கிற ஒரு காரியமே நோயாளிக்கு ஆபத்தாகிவிடக்கூடும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஈரலும் இரத்தமும்

சமையலறையில் வெங்காயம் அரியும்போது விரலில் வெட்டுப் படுகிறது. சிறிது நேரம் அழுத்திப் பிடிக்கிறீர்கள்; இரத்தம் தானாகவே நின்றுவிடுகிறது. அது ஏன் நிற்கிறது என்று நாம் யோசிப்பதே இல்லை. நமக்குத் தெரியாமலே நம் உடலுக்குள் அல்லாஹ் அமைத்து வைத்திருக்கும் பாதுகாப்புகளில் இதுவும் ஒன்று.

இரத்தம் உறைய இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, பிளேட்லெட் எனப்படும் இரத்தத் தட்டுகள். இவை ஓடிவந்து வெட்டுவாயை அடைக்கின்றன. மற்றது, உறைய வைக்கும் புரதங்கள். தட்டுகளின் மேல் வலை பின்னி, அடைப்பை இறுகச் செய்பவை இவை. இந்தப் புரதங்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பது நமது கல்லீரல். சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள இந்த உறுப்பின் வழியாக, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லீட்டர் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஈரல் நாட்பட்ட நோயால் தழும்பேறி இறுகிப்போகும் நிலையை சிரோசிஸ் என்பார்கள். ஈரல் புற்றுநோய் பெரும்பாலும் இப்படிக் கெட்டுப்போன ஈரலில்தான் தோன்றுகிறது. அப்போது உறைய வைக்கும் புரதங்கள் குறைந்துவிடுகின்றன. இறுகிய ஈரலுக்குள் இரத்தம் எளிதாக நுழைய முடியாமல் பின்னால் தேங்குவதால் மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் இரத்தத் தட்டுகளைத் தனக்குள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது. சுகமாக உள்ளவரின் ஒரு மைக்ரோ லீட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டுகள் இருக்கும். இந்த நோயாளிகள் பலருக்கு அது வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆகவே ஈரல் நோயாளியின் உடலில் ஒரு சிறு காயத்தையும் நம் விரலில் பட்ட வெட்டைப்போல் எண்ணிவிடக் கூடாது. அவருக்கு இரத்தம் கசியத் தொடங்கினால் எளிதில் நிற்காமல் போகலாம்.

மண்டையோட்டுக்கு எப்படிப் போகிறது?

ஈரலில் உள்ள நோய் தலைக்கு எப்படி வரும் என்று நீங்கள் கேட்கலாம். புற்றணுக்கள் இரத்தத்தோடு பயணம் செய்பவை. ஈரல் புற்று பரவும்போது நுரையீரல், நிணநீர்க் கணுக்கள், எலும்புகள் ஆகியவற்றுக்கே அதிகம் போகிறது. எலும்புகளில் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்பு ஆகியவை முன்னே நிற்கின்றன. மண்டையோட்டுக்குப் பரவுவது அபூர்வம். ஆனாலும் அது நடக்கிறது. ஜப்பான், கொரியா, தைவான் போன்ற, ஈரல் புற்று அதிகமுள்ள நாடுகளின் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு ஈரலில் நோய் இருப்பதே, தலையில் வந்த கட்டியைப் பரிசோதித்த பிறகுதான் தெரியவந்திருக்கிறது.

இந்தக் கட்டிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. ஈரல் புற்று இரத்தத்தை மிக அதிகமாக உறிஞ்சி வளர்வது. அது பரவிய இடத்திலும் புதுப்புது இரத்தக் குழாய்களை உண்டாக்கிக்கொள்கிறது. அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்களின் சுவர் மெல்லியது, எளிதில் கிழிந்துவிடும். எலும்பையும் அது உள்ளிருந்து அரித்துவிடுகிறது. எனவே வெளியே மெத்தென்று தெரியும் கட்டிக்கு அடியில் உறுதியான எலும்பு இல்லாமலும் இருக்கலாம். சில சமயம் கட்டியில் நாடி துடிப்பதுபோல் ஒரு துடிப்பையும் உணரலாம்.

ஒரு பக்கம் எளிதில் கிழியும் குழாய்கள். மறுபக்கம் எளிதில் உறையாத இரத்தம். இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் என்னவாகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

உள்ளே கசியும் இரத்தம்

வெளியே வரும் இரத்தம் கண்ணுக்குத் தெரியும். மண்டையோட்டுக்கு உள்ளே கசிவது தெரியாது. மூளையை ஓர் உறுதியான சவ்வு போர்த்தியிருக்கிறது. அந்தச் சவ்வுக்கும் எலும்புக்கும் இடையே, அடி எதுவும் படாமலே இரத்தம் கசிந்து தேங்கலாம். மண்டையோடு மூடிய பாத்திரம் போன்றது. விரிந்து இடம் கொடுக்காது. தேங்கும் இரத்தம் மூளையைத்தான் அழுத்தும்.

இதன் அடையாளங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். திடீரெனத் தோன்றும் அல்லது நேரம் செல்லச் செல்லக் கூடும் தலைவலி. வாந்தி. பேச்சுக் குழறுதல். ஒரு பக்கத்துக் கையோ காலோ தளர்தல். வலிப்பு. கண்ணின் கருமணிகளில் ஒன்று மற்றதைவிடப் பெரிதாதல். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுப்ப எழுப்ப மீண்டும் ஆழ்ந்து போகும் தூக்கம்.

இந்தக் கடைசி அடையாளத்தில்தான் பல குடும்பங்கள் ஏமாந்துவிடுகின்றன. ஈரல் கெட்டவர்களுக்கு இரத்தத்தில் கழிவுகள் சேர்வதாலும் மந்தமும் தடுமாற்றமும் வருவதுண்டு. "போன மாதமும் இப்படித்தான் கிடந்தார், பிறகு தெளிந்துவிட்டார்" என்று வீட்டில் காத்திருப்பார்கள். இரண்டுமே அவசர நிலைதான். எது எதனால் என்பதைத் தலையை ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும்; முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இந்த நோயாளிக்கு வேறு இடங்களிலும் இரத்தம் கசியலாம். உணவுக் குழாயில் புடைத்த இரத்த நாளங்கள் வெடித்தால் இரத்த வாந்தி வரும். மலம் தார்போல் கறுத்துப் போகும். ஈரலில் உள்ள கட்டியே வெடித்தால் திடீரென வயிற்றில் கடும் வலியும் மயக்கமும் வரும். பல் ஈறில் கசிவு, மூக்கில் இரத்தம், காரணமின்றித் தோலில் கன்றிய நீலத் திட்டுகள் ஆகியவை முன்கூட்டியே வரும் எச்சரிக்கைகள்.

ஹிஜாமாவும் மறைத்து வைத்த உண்மையும்

இனி, அந்த மச்சினியின் யோசனைக்கு வருவோம். ஹிஜாமா நபிவழி மருத்துவம். தலைவலிக்காகத் தலையிலேயே அதைச் செய்துகொண்ட செய்தியை நபிமொழி நூல்களில் காண்கிறோம். அதில் நமக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் எந்த மருத்துவமும் ஆளறிந்து செய்யப்பட வேண்டியது. இரத்தம் சரியாக உறைபவருக்குச் சிறு கீறல். உறையாதவருக்கு அதுவே பெருங்காயம். ஈரல் கெட்டவருக்கு, அதிலும் தலையில் கட்டி உள்ளவருக்கு, ஹிஜாமா செய்யக் கூடாது. பொறுப்புள்ள ஹிஜாமாக்காரர் முதலில் நோயைத்தான் விசாரிப்பார்.

அவர் விசாரித்தாலும் நாம் உண்மையைச் சொல்கிறோமா? இங்கேதான் நம் சமுதாயத்தில் ஒரு பெரிய தடை இருக்கிறது. ஈரல் நோய் என்றால் குடிகாரர்களின் நோய் என்று ஒரு பேச்சு. "ஐவேளை தொழுகிறவருக்கு இது எப்படி வந்தது? ஒளித்துக் குடித்தாரோ?" என்று ஊர் கேட்குமே என்ற வெட்கம். வெட்கத்தால் மறைக்கிறோம். மறைத்ததால் பல் பிடுங்குகிறவருக்கும் தெரியாது, ஊசி போடுகிறவருக்கும் தெரியாது, ஹிஜாமா செய்கிறவருக்கும் தெரியாது. கடைசியில் அந்த வெட்கத்துக்கு நோயாளி தன் இரத்தத்தால் விலை கொடுக்கிறார்.

மது தொடாதவருக்கும் ஈரல் நோய் வரும். ஹெப்படைட்டிஸ் பி, சி என்னும் கிருமிகளால் வரும். நீரிழிவும் உடற்பருமனும் சேர்ந்து ஈரலில் கொழுப்புப் படிவதாலும் வரும். கம்பஹா மாவட்டத்து ராகமைப் பகுதியில் வாழும் பெரியவர்களைப் பரிசோதித்து 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, மதுவோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் காணப்பட்டது. எனவே ஒரு நோயாளியைப் பற்றித் தவறாக எண்ணுவது வீண் சந்தேகம்; பாவமும்கூட.

செய்யக்கூடாதவை

தலைக் கட்டியைக் கீறவோ குத்தவோ விடாதீர்கள். எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். பத்துப் போட்டு இறுகக் கட்டாதீர்கள். குழந்தைகள் விளையாட்டாகத் தாத்தாவின் தலையில் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைவலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். அஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். பனடோலைக்கூட டொக்டர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. மிஸ்வாக் குச்சி ஈறைக் குத்தினால் மெல்லிய பிரஷைப் பயன்படுத்தட்டும். முகம் மழிப்பதற்குச் சவரக் கத்தியைத் தவிர்க்கட்டும்.

"கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும்" என்பவர்களும் உண்டு. செங்கமாரிக்கு நம் மூதாதையர் கொடுத்த மூலிகைதான் அது. 1988இல் சென்னையைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற டாக்டர் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லி அந்தக் கிருமியை அகற்றுவதாக 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பரவிவிட்ட புற்றுநோயை அது குணப்படுத்தும் என்பதற்கோ எந்தச் சான்றும் இல்லை. மூலிகையை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

கட்டி தெரிந்த உடனே, நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் டொக்டரிடம் காட்டுங்கள். ஸ்கேன் எடுத்து, எலும்பு எவ்வளவு அரிந்திருக்கிறது, மூளைப் பக்கம் வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை கட்டியைச் சுருக்கவும் வலியைக் குறைக்கவும் உதவும். சிலருக்கு அறுவைச் சிகிச்சை செய்வார்கள். அதற்கு முன் கட்டிக்குப் போகும் இரத்தக் குழாயை உள்ளிருந்தே அடைத்துவிடும் முறையும் உண்டு.

மேலே சொன்ன ஆபத்து அடையாளங்கள் தோன்றினால் காலை விடியட்டும் என்று காத்திராதீர்கள். நோயாளியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு ஸம்ஸம் தண்ணீரானாலும் வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். கட்டியிலிருந்து இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பலமாக அழுத்தாதீர்கள். உடனே 1990 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

1990! வடபுலத்து முஸ்லிம்களுக்கு இது ஆறாத வடுவின் எண். அந்த ஆண்டு ஒக்டோபரில்தான் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, கட்டிய உடையோடு புத்தளம் நோக்கி நடந்தோம். இன்று அதே எண், இன மத வேறுபாடின்றிக் காசு வாங்காமல் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியின் எண்ணாக இருக்கிறது. 2018 ஜூலையில் அந்தச் சேவை வட மாகாணத்துக்கும் வந்தது. பேரப்பிள்ளைகளுக்கும் இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள்.

யுத்த காலத்தில் வன்னியிலிருந்து ஒரு நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது எத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்டும் காரியமாக இருந்தது! இன்று உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சி பொது வைத்தியசாலை கிட்டவே இருக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியில் 70 கிலோமீட்டருக்குள்தான். அதற்கும் வடக்கே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடைபயணம் போய், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரிடமும் திரட்டிய பணம் அதற்காகச் செலவானது. வழி திறந்திருக்கிறது, வீணாகும் நேரம் நம் வீட்டுக்குள் தயங்கி நிற்கும் நேரம்தான்.

ஒரு பையில் நோயாளியின் கிளினிக் கொப்பி, கடைசி இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் படங்கள், குடிக்கும் மருந்துகள், இரத்த வகை எழுதிய தாள் ஆகியவற்றை எப்போதும் தயாராக வையுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகவே, "இவருக்கு ஈரல் புற்று, இரத்தம் எளிதில் உறையாது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் டொக்டருக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். தேவைக்கேற்ப அவர்கள் பிளாஸ்மாவும் இரத்தத் தட்டுகளும் ஏற்றுவார்கள்.

அந்தப் பிளாஸ்மாவும் தட்டுகளும் எங்கிருந்து வருகின்றன? யாரோ ஒருவரின் கொடையிலிருந்து. இரத்தத் தட்டுகளை ஏறத்தாழ ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். ஆகவே யாராவது தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 18 முதல் 60 வயது வரை, 50 கிலோவுக்குக் குறையாத, சுகமான ஆணும் பெண்ணும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் போங்கள்.

கடைசிக் கட்டத்தில்

உண்மை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஈரல் புற்று எலும்புக்குப் பரவிய பிறகு முழுக் குணம் கிடைப்பது அரிது. அப்போது சிகிச்சையின் நோக்கம் வலியைக் குறைப்பதும், நோயாளியின் மீதி நாள்களை அமைதியாக்குவதும்தான். மண்டைக்குள் இரத்தம் கசிந்தாலும் அறுவைச் சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. "இனி அறுக்க வேண்டாம், நோவில்லாமல் வைத்திருப்போம்" என்று டொக்டர் சொன்னால், அது கைவிடுதல் ஆகாது. இதைப்பற்றி நோயாளி தெளிவாக இருக்கும்போதே அவரோடும் டொக்டரோடும் பேசி வையுங்கள். கடனும் அமானிதமும் வஸிய்யத்தும் பேசி முடிக்க அவருக்கும் அவகாசம் கிடைக்கும்.

தொழுகையை விட்டுவிட மனம் வராது அவருக்கு. நெற்றிக்கு மேலே கட்டி உள்ளவர் நெற்றியை நிலத்தில் அழுத்தி ஸுஜூது செய்ய வேண்டியதில்லை. உட்கார்ந்தோ படுத்தோ சைகையால் தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. தண்ணீர் ஆகாதவருக்குத் தயம்மும் இருக்கிறது. நோன்பிலும் நோயாளிக்குச் சலுகை உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு, அவர் மனம் அமைதியடையும்படி எடுத்துச் சொல்லுங்கள்.

வேரைப் பாருங்கள்

இந்த நோய் பிள்ளைகளுக்கு வராமல் தடுக்க வழி இருக்கிறது. தைவான் நாடு 1984இல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அங்கே சிறுவர்களிடையே ஈரல் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இலங்கையில் 2003 முதல் குழந்தைகளுக்கு இந்த ஊசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் இரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் ஊசி போட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் ஒருவருக்கு அந்தக் கிருமி இருந்தால் மற்றவர்கள் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். கத்னா, காது குத்து, சவரம், ஹிஜாமா எதுவானாலும் ஒருவருக்குப் பட்ட கத்தியும் ஊசியும் இன்னொருவருக்குப் படக் கூடாது.

கொழுப்பு ஈரலைத் தடுப்பது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. பெருநாள் வட்டிலப்பத்தைப் பெருநாளோடு நிறுத்துவோம். சீனியும் எண்ணெயும் குறையட்டும். நீரிழிவு உள்ளவர் ஈரலையும் பரிசோதிக்கட்டும்.

மீண்டும் அந்த உருத்திரபுரத்து வீட்டுக்கு வருவோம். இப்போது உங்களுக்கு விடை தெரியும். பக்கத்து வீட்டாருக்கு நன்றி சொல்லிவிட்டு, மச்சினியைக் கூடவே அழைத்துக்கொண்டு, கொப்பிப் பையோடு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்வீர்கள். கட்டியில் யார் கையும் படவிட மாட்டீர்கள். அவருக்கு என்ன நோய் என்று கேட்பவர்களிடம் தலை குனியாமல் சொல்வீர்கள்.

ஆயுள் அல்லாஹ்வின் கையில். முயற்சி நம் கையில். வல்ல ரஹ்மான் நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிக்கும் கைகளுக்கு ஸப்ரையும் தந்தருள்வானாக! ஆமீன்.